வெற்றி பெற்ற கதையும் உடன்நின்ற நான்கும்

ஹியூகோ, நெபுலா விருதுகளின் இறுதிப் பட்டியல் வெளியானதும் அதிலுள்ள கதைகளை ஒன்றுவிடாமல் படித்து, முடிவு அறிவிக்கப்படும் நாளுக்குள் தமக்கென ஒரு வரிசையை வகுத்துக்கொள்ளும் வாசகர் சிலரே. பலர் முடிவு வரும்வரை காத்திருந்து, வென்ற கதையை மட்டும் தேடிப் படித்து, அந்த ஆண்டின் கணக்கை அத்துடன் தீர்த்துவிடுகின்றனர். இப்பழக்கத்தால் ஏற்படும் இழப்பு பெரிது. ஓர் ஆண்டின் ஐந்து அல்லது ஆறு கதைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஒன்று மற்றொன்றின் மேல் வீசும் ஒளியும், ஒன்றின் குறையை இன்னொன்று காட்டிக்கொடுக்கும் விதமும், தனிக்கதை வாசிப்பில் எத்தனை முறை முயன்றாலும் கிடைப்பதில்லை.

இவ்விரு விருதுகளும் ஒரே திசையில் பார்ப்பவை அல்ல என்பதைப் பட்டியல் படிப்பவர் விரைவிலேயே உணர்ந்துகொள்வார். 1926இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் வழங்கப்படும் ஹியூகோ, 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் முதன்முதலாக அளிக்கப்பட்டது. மாநாட்டின் உறுப்பினர்களே, அதாவது கட்டணம் செலுத்திச் சேர்ந்த எந்த வாசகரும், அதற்கு வாக்களிக்கலாம். 1966 முதல் வழங்கப்படும் நெபுலாவோ அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள், சக எழுத்தாளரின் படைப்புக்குத் தரும் மதிப்பு. ஹியூகோவின் இறுதி வாக்கெடுப்பு விருப்ப வரிசை முறையில் நடைபெறுவது: வாக்காளர் கதைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார், கடைசியில் நிற்கும் கதை நீக்கப்பட்டு அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படுகின்றன. ஆகவே, சிலரால் உயிராக நேசிக்கப்பட்டுப் பிறரால் கடைசியில் தள்ளப்பட்ட கதையைவிட, பலருக்கும் இரண்டாம் விருப்பமாக அமைந்த கதை வெல்ல இம்முறையில் நிறைய வாய்ப்புண்டு. முறையின் நியாயத்தில் குறை காண இடமில்லை. ஆயினும் ஒரு வாசகரின் முதல் விருப்பமாக ஆகியிருக்கக்கூடிய கதை தோற்ற கதைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதற்கு இம்முறையே போதிய காரணமாகும்.

தோற்ற கதைகளின் வரலாறு இதை உறுதிசெய்கிறது. செவ்வாய்க் கோளின் அழிந்துவரும் இனத்தாரிடம் விவிலியத்தின் பிரசங்கி நூலைக் கொண்டுசெல்லும் ஒரு கவிஞனைப் பற்றி ரோஜர் ஸெலாஸ்னி எழுதிய 'பிரசங்கிக்கு ஒரு ரோஜா' 1964இன் ஹியூகோ பட்டியலில் இடம்பெற்றுத் தோற்றது. வென்றது பால் ஆண்டர்சனின் கதை. சில ஆண்டுகளுக்குள், 1965க்கு முந்தைய சிறந்த கதைகளை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்துத் தேர்ந்து ஒரு பெருந்தொகையாக வெளியிட்டபோது, அதில் ஸெலாஸ்னியின் ரோஜாவுக்கு இடம் கிடைத்தது. 1971ஆம் ஆண்டு நெபுலா விருந்தில் நிகழ்ந்தது இன்னும் வலி தருவது. சிறுகதைப் பிரிவில் ஜீன் வுல்ஃபின் 'டாக்டர் டெத்தின் தீவும் பிற கதைகளும்' வென்றதாக ஐசக் அசிமோவ் அறிவித்துவிட்டார். வாக்குகளின்படி உண்மையில் முதலிடம் பெற்றிருந்தது 'விருது இல்லை' என்ற தெரிவு. வுல்ஃப் எழுந்து நின்ற பிறகு அறிவிப்பு திருத்தப்பட்டது. பின்னர் அவர் அதே தலைப்பின் சொற்களை இடம் மாற்றி 'டாக்டர் தீவின் மரணம்' என்ற குறுநாவலை எழுதி, 1973ஆம் ஆண்டுக்கான நெபுலாவைப் பெற்றார். இன்று வுல்ஃபைப் படிக்கத் தொடங்கும் வாசகருக்குப் பெரும்பாலும் முதலில் கைகாட்டப்படுவது விருது கிடைக்காத அந்தக் கதையே.

வென்றவற்றை மட்டும் படிக்கும் வழக்கம் வேரூன்றியதில் தொகைநூல்களுக்கும் பங்குண்டு. அசிமோவ் 1962இல் தொகுத்து வெளியிட்ட 'ஹியூகோ வெற்றியாளர்கள்' நூலும் அதைத் தொடர்ந்த பகுதிகளும் ஒரு தலைமுறை வாசகருக்கு இத்துறையின் பாடநூலாக அமைந்தன. பழைய புத்தகக் கடையின் அடுக்கிலிருந்து முதுகு கிழிந்த நிலையில் அந்நூலைக் கண்டெடுத்த வாசகர் பலருக்கு, ஒவ்வொரு கதைக்கும் முன்பு அசிமோவ் உரிமையோடு எழுதிய முன்னுரைகள் கதைகளுக்கு இணையாக நினைவில் தங்கியிருக்கும். ஆனால் அந்நூல் தோற்றவர்களை அறிமுகப்படுத்தவில்லை. நெபுலாவின் ஆண்டுத் தொகைகள் இவ்வகையில் பெருந்தன்மை மிக்கவை. வென்ற கதைகளோடு இறுதிப் பட்டியலிலிருந்து வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொண்டதால், ஓர் ஆண்டின் முகம் எப்படி இருந்தது என்பதை அவை ஓரளவு காட்டின.

இனி நீளம் பற்றி. இவ்விருதுகள் புனைவைச் சொற்களின் எண்ணிக்கையால் பிரிக்கின்றன: 7,500 சொற்களுக்குக் குறைவானது சிறுகதை, 17,500இலிருந்து 40,000 வரை குறுநாவல், அதற்கு மேற்பட்டது நாவல். இடையில், 7,500க்கும் 17,500க்கும் நடுவே ஒரு பிரிவு இருக்கிறது. அதைத் தமிழில் நெடுங்கதை எனலாம். ஹியூகோவில் இப்பிரிவு 1955இல் தோன்றி, பலமுறை கைவிடப்பட்டு, 1973 முதல்தான் இடைவெளியின்றித் தொடர்கிறது. நெபுலாவில் தொடக்கம் முதலே உண்டு. மற்ற இலக்கிய விருதுகளில் இதற்கு ஒப்பான பிரிவு அரிது என்பதால், இது கணக்கருக்காக ஏற்பட்ட பிரிவு என்று சொல்வோரும் இருக்கின்றனர். அவர்கள் கருதுவதற்கு நேர்மாறாக, அறிவியல் புனைவின் இயல்பான அளவு இதுவே என்பதற்கு இந்த அரை நூற்றாண்டுப் பட்டியல்கள் சான்று. இத்துறையின் கதை, இல்லாத ஓர் உலகின் விதியை முதலில் நிறுவ வேண்டும். அவ்விதிக்குள் ஒரு மனிதரை நிறுத்த வேண்டும். பின்னர் அவ்விதியின் முதல் விளைவையும், முதல் விளைவிலிருந்து பிறக்கும் இரண்டாம் விளைவையும் காட்ட வேண்டும். சிறுகதைக்கு முதல் விளைவோடு இடம் தீர்ந்துவிடுகிறது. நாவலோ நான்காம், ஐந்தாம் விளைவுகளைத் தேடிச் சென்று, பல நேரங்களில் போர்களிலும் பயணங்களிலும் முடிந்துபோகிறது.

டேனியல் கீஸின் 'அல்ஜெர்னனுக்கு மலர்கள்' இதழில் கதையாக வந்து 1960இல் ஹியூகோ பெற்றது. நாவலாக விரிக்கப்பட்டு 1966ஆம் ஆண்டுக்கான நெபுலாவைப் பகிர்ந்துகொண்டது. நாவலில் நாயகன் சார்லியின் குடும்பமும் காதலும் விரிந்து நிற்கின்றன. கதையில் அவனுடைய குறிப்பேட்டின் எழுத்துப்பிழைகள் குறைந்து மறைவதும், பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதும் மட்டுமே நிற்கின்றன. அந்த எழுத்துப்பிழைகளைவிடக் கூடுதலாக எதுவும் அக்கதைக்குத் தேவைப்படவில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைப் பெரும் நாவல்வரிசையால் மட்டும் அறிந்தவர்கள், ஹியூகோவும் நெபுலாவும் ஒருசேரப் பெற்ற அவருடைய 'மணல் மன்னர்கள்' என்ற நெடுங்கதையைப் படித்தால், கொடுமை எப்படி வளர்கிறது என்று சொல்ல அவருக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் சில பூச்சியினங்களும் போதுமாயிருந்ததைக் காண்பார்கள். ஆக்டேவியா பட்லரின் 'இரத்தக் குழந்தை' 1984இல் வெளிவந்து இரு விருதுகளையும் வென்றது. வேற்றுக்கோளில் அடைக்கலம் புகுந்த மனிதர் அங்குள்ள உயிரினத்தின் முட்டைகளைத் தம் உடலில் சுமக்கும் ஏற்பாட்டைச் சொல்லும் அக்கதையை அடிமைத்தனத்தின் உருவகம் என்று பலர் எழுதியபோது, பட்லர் அதை மறுத்து, அது ஒரு காதல் கதை என்றே சொன்னார். ஒரே ஏற்பாட்டில் அடக்குமுறையையும் அன்பையும் ஒருசேரக் காட்டி, எதையும் தீர்க்காமல் முடிக்க நெடுங்கதையின் அளவு அவருக்குச் சரியாக இருந்தது.

இவ்வளவும் முன்னுரை என்றே கொள்ளத்தக்கது. நெடுங்கதையின் அருமையைப் பற்றிப் பேசும் எவரும் இறுதியில் டெட் சியாங்கிடம்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. 1990இல் 'ஆம்னி' இதழில் வெளிவந்த அவருடைய முதல் கதையே நெபுலாவைப் பெற்றது. அன்று முதல் அவர் ஒரு நாவலும் எழுதியதில்லை. அவருடைய எழுத்தின் பெரும்பகுதி 2002இல் வந்த எட்டுக் கதைகளின் தொகுப்பிலும் 2019இல் வந்த ஒன்பது கதைகளின் தொகுப்பிலும் அடங்கிவிடுகிறது. 2003இல் ஹியூகோவுக்கு முன்மொழியப்பட்ட தம் கதையொன்றை, பதிப்பின் அவசரத்தால் அது தாம் நினைத்தபடி அமையவில்லை என்று கூறி அவரே பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டார். பட்டியலில் இடம்பெற எழுத்தாளர் பலர் ஆண்டெல்லாம் காத்திருக்கும் துறையில் இச்செயல் எவ்வளவு அரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னாளில் திரைப்படமாகி அவருக்குப் பெரும் வாசகத் திரளைத் தேடித் தந்த 'உன் வாழ்வின் கதை' நெபுலாவை வென்றாலும், 1999இன் ஹியூகோவைக் கிரெக் ஈகனின் 'பெருங்கடல்சார்' என்ற குறுநாவலிடம் இழந்தது என்பதைப் படத்தின் வழியே வந்த வாசகர் பலர் அறிவதில்லை.

அந்த முதல் கதையான 'பாபிலோன் கோபுரம்' அவருடைய முறையை முழுதாகக் காட்டிவிடுகிறது. விண்ணின் கூரை கெட்டியான பாறை என்று பழைய மக்கள் நம்பினார்கள். அந்நம்பிக்கை அப்படியே உண்மையாயிருந்தால் என்ன நடக்கும் என்று அக்கதை கேட்கிறது. கூரையை உடைக்க ஏலாமிலிருந்து வரும் சுரங்கத் தொழிலாளர் கோபுரத்தில் மாதக்கணக்கில் ஏறுகின்றனர். வழியில் கோபுரத்திலேயே பிறந்து, அங்கேயே காய்கறி பயிரிட்டு வாழும் குடும்பங்கள். ஒரு கட்டத்தில் சூரியன் ஏறுபவரின் காலுக்குக் கீழே சென்றுவிட, வெளிச்சம் கீழிருந்து மேலாக விழுகிறது. இதே போன்று விண்ணைத் தொடும் கோபுரத்தை ஆர்தர் சி. கிளார்க் 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலில் எழுப்பியிருந்தார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர் சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் மனத்தில் வைத்துத் தப்ரபேன் என்ற தீவைப் படைத்து, அதைப் பூமத்தியரேகைக்கு நகர்த்தி, அம்மலை உச்சியிலிருந்து விண்மின்தூக்கி ஒன்றை நட்டார். ஹியூகோவும் நெபுலாவும் பெற்ற அந்நாவலில் வாசகர் பொறியாளரின் கனவைக் காண்கிறார். கம்பியின் வலிமையும் காற்றின் வேகமும் அங்கே எண்களாகின்றன. சியாங்கின் கோபுரத்தில் ஏறுபவரோ களைத்த கால்களோடும், மேலே செல்வது பாவமா என்ற அச்சத்தோடும் ஏறுகிறார். இலங்கைத் தீவை அறிந்த வாசகருக்குக் கிளார்க்கின் மலை நெஞ்சுக்கு நெருக்கமாயிருப்பது இயல்பு. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், நினைவில் நீண்ட காலம் நிற்பது கீழிருந்து விழும் அந்த வெளிச்சமே.

பட்டியலை முழுமையாகப் படிப்பதன் பயனுக்கு 2008ஆம் ஆண்டு ஹியூகோவின் நெடுங்கதைப் பிரிவைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஐந்து கதைகள். கிரெக் ஈகனுக்கு இரண்டு: ஒன்றுக்கொன்று முரணான இரு எண்கணிதங்கள் ஒன்றன் எல்லையை மற்றொன்று தள்ளிப் போரிடும் 'இருண்ட முழுவெண்கள்', அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் கணிதத்தை மீட்கச் செல்வோரைப் பற்றிய 'மகிமை'. டேவிட் மோல்ஸின் 'நிலத்தின் முடிவு' வானில் மிதக்கும் தீவளவு உயிரினங்களையும், அவற்றை வேட்டையாடுவோரோடு சேர்ந்துவிட்ட ஒரு வானூர்திப் பொறியாளரையும் காட்டுகிறது. டேனியல் ஆப்ரகாமின் 'நாணயமாற்றுநரும் லார்ட் அயர்னும்' பணம் மாற்றித் தருவதைத் தொழிலாகக் கொண்ட எளிய மனிதர் ஒருவர், வம்புக்கு வரும் ஒரு பிரபுவின் வற்புறுத்தலால், யாருக்கும் வேண்டாத நாணயத்துக்கும் பின்னர் ஓர் உயிருக்கும் இறுதியில் ஆன்மாவுக்கும் மாற்று விலை கண்டறிய நேரும் கதை. ஐந்தாவதாக, வென்ற கதையான சியாங்கின் 'வணிகனும் ரசவாதியின் வாயிலும்'. ஐந்துமே அச்சிதழ்களிலும் தொகைநூல்களிலும் வெளிவந்தவை. ஐந்திலும் ஒரு விதி நிறுவப்பட்டு, அதன் இரண்டாம் விளைவு வரை பொறுமையோடு தொடரப்படுகிறது. வேறோர் ஆண்டில் வந்திருந்தால் ஆப்ரகாமின் கதை எளிதில் வென்றிருக்கும் என்று சொன்னால் மிகையாகாது. பொருளியல் கணக்கை நாட்டுப்புறக் கதையின் குரலில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன இன்னொரு கதையைக் காட்டுவது கடினம். ஈகனின் கதைகளைச் சியாங்கின் கதைக்கு முன்பு படிப்பது நல்லது. ஈகன் கணிதத்தின் குளிர்ந்த உச்சியில் வாசகரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அங்கிருந்து இறங்கி வரும்போதுதான், அதே அளவு கறாரான தர்க்கத்தைச் சியாங் ஒரு கடைத்தெருவின் பேச்சுமொழிக்குள் எவ்வாறு மறைத்து வைத்திருக்கிறார் என்பது தெரிகிறது.

கதை பாக்தாதில் நடக்கிறது. துணி வணிகரான ஃபுவாத் இப்ன் அப்பாஸ், தம்மோடு தொழில் செய்யும் ஒருவருக்குப் பரிசளிக்க வெள்ளித் தட்டு தேடி உலோக வேலைக்காரர் தெருவுக்குச் செல்கிறார். பழகிய கடையில் புதிய உரிமையாளர், பெயர் பஷாரத். மணிதோறும் ஒலிக்கும் நீர்க்கடிகாரமும் காற்று வீசினால் பாடும் பித்தளைப் பறவையும் நிறைந்த அக்கடையின் பின்புறப் பட்டறையில், பீடமொன்றின் மேல் நிமிர்த்தி வைத்த கருநிற உலோக வளையம் ஒன்றை ஃபுவாத் காண்கிறார். பஷாரத் ஒரு பக்கத்திலிருந்து வளையத்துக்குள் கையை நீட்டுகிறார். கை மறுபக்கத்தில் வெளிவரவில்லை, முழங்கையோடு வெட்டுண்டது போல மறைந்துவிடுகிறது. அவர் கையை இழுத்துக்கொள்கிறார். கை முழுமையாகவே இருக்கிறது. சில நொடிகள் கழித்து, யாரும் நிற்காத மறுபக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வெளியே வந்து, மீண்டும் உள்ளே போகிறது. வளையத்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சில நொடிகள் முந்தியது என்பதே அதன் விதி. காலப்பயணம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கதைகளில் எந்திரம் புகை கக்குகிறது, ஒளி வீசுகிறது, அதிர்கிறது. இங்கே ஒரு கடைக்காரர் தம் சரக்கை வாடிக்கையாளருக்குக் காட்டும் நிதானத்தோடு ஒரு கையை நீட்டி மடக்குகிறார். அதைப் பார்த்த வாசகருக்குப் பிறகு எந்த விளக்கமும் வேண்டியிருப்பதில்லை.

பெரிய வளையம் இருபது ஆண்டுகளைக் கடக்கிறது. அதன் வழியே சென்றவர்களின் கதைகளைப் பஷாரத் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். கயிறு திரிக்கும் ஹசன் தன் முதுமையைச் சந்தித்து, அதன் அறிவுரையால் செல்வனாகிறான். நெசவாளி அஜீப் தன் முதுமை சேர்த்துவைத்த பொற்பெட்டியைத் திருடிக்கொண்டு திரும்புகிறான். திருடியவனும் பறிகொடுப்பவனும் தானே என்பதால், எஞ்சிய வாழ்நாளை அப்பெட்டியை நிரப்புவதற்கான சிக்கனத்திலேயே கழிக்கிறான். ஹசனின் மனைவி ரனியா மூன்றாவதாக வந்து, முதல் கதையில் வாசகர் கவனியாமல் விட்ட ஓரிடத்தைத் திறந்து, தன் கணவனின் இளமைக்குள் நுழைகிறாள். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் படித்து வளர்ந்த வாசகருக்குக் கதைக்குள் கதை புதிதன்று. ஆனால் அவற்றில் உட்கதைகளை இடம் மாற்றினாலும் பெரும் சேதம் நேராது. சியாங்கின் உட்கதைகளில் ஒன்றைக்கூட இடம் மாற்ற இயலாது. முதல் கதை எதிர்காலத்தை அறிவதன் பயனையும், இரண்டாவது அதன் பாரத்தையும், மூன்றாவது கடந்தகாலத்தின் மறைந்த பக்கத்தையும் காட்டி, ஃபுவாதின் சொந்தத் துயரத்துக்கு வாசகரைப் படிப்படியாகத் தயார்செய்கின்றன.

அத்துயரம் இது. இருபது ஆண்டுகளுக்கு முன் மனைவி நஜ்யாவோடு கடுஞ்சொல் பேசிவிட்டுப் பயணம் போன ஃபுவாத் திரும்பி வருவதற்குள், மசூதிச் சுவர் இடிந்து அவள் இறந்துவிட்டாள். அவர் பின்னோக்கிச் செல்ல விரும்புகிறார். பாக்தாதின் வளையம் அண்மையில் செய்யப்பட்டது. ஒரு வளையம் செய்யப்பட்ட நாளுக்கு முந்தைய காலத்துக்கு அதன் வழியே போக முடியாது. ஆகவே பழைய வளையம் இருக்கும் கெய்ரோவுக்குப் பயணம் செய்து, அங்கே இருபது ஆண்டு பின்சென்று, அங்கிருந்து பாலைவனம் கடந்து பாக்தாதுக்குத் திரும்பிவர வேண்டும். இயற்பியலாளர் கிப் தார்ன் ஆற்றிய உரையொன்றைக் கேட்டதிலிருந்து இக்கதையின் கரு தோன்றியது என்று சியாங் குறிப்பிட்டிருக்கிறார். சார்பியல் கோட்பாட்டுக்கு முரணாகாமல் காலப்பயணத்துக்கு ஒரு பொறி செய்யக்கூடுமானால், அதற்கு இந்த வரம்பு இருந்தே தீரும். இந்த வறண்ட வரம்பிலிருந்துதான் கதையின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது: வரம்பு பயணத்தை உண்டாக்குகிறது, பயணம் தாமதத்தை உண்டாக்குகிறது, தாமதத்தின் முடிவில் ஃபுவாத் நகரை அடையும்போது சுவர் ஏற்கெனவே இடிந்திருக்கிறது. நஜ்யாவைக் காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய இறுதி நேரத்தில் உடனிருந்த பெண் ஒருத்தி கொண்டுவரும் செய்தி மட்டும் அவருக்குக் கிடைக்கிறது. அச்செய்தி என்ன என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே படிக்காதவருக்குச் செய்யும் மரியாதை.

கடந்தகாலத்தை மாற்ற முடியாது, ஆனால் அதை இன்னும் நன்றாக அறிந்துகொள்ள முடியும் என்ற இக்கருத்தை ஊழ் என்ற சொல்லோடு வளர்ந்த தமிழ் வாசகர் விளக்கமின்றியே ஏற்றுக்கொள்வார். மேலைநாட்டுக் காலப்பயணக் கதைகளில் பெரும்பாலானவை கடந்ததைத் திருத்தும் ஆசையாலும் அதனால் விளையும் முரண்களாலும் நடைபெறுபவை. சியாங் அந்த ஆசையை முதலிலேயே அடைத்துவிட்டு, அடைத்த இடத்தில் ஆறுதலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்து பார்க்கிறார். பேச்சும் சூழலும் மிகைபுனைவுக்குரியவை, விதி அறிவியலுக்குரியது. இவ்விரு வகைகளுக்கும் நடுவே வேலி போட விரும்புவோர் அவ்வேலியை இக்கதையின் எப்பக்கத்தில் நடுவது என்று சொல்ல முடிவதில்லை.

சியாங்கை ஏற்காத நல்ல வாசகர்களும் உண்டு. அவர்களுடைய வாதம் மதிக்கத்தக்கது. அவருடைய மாந்தர் சிந்தனைச் சோதனையின் உறுப்புகள், அவர்களிடம் வியர்வையின் மணம் இல்லை என்று அவர்கள் சொல்கின்றனர். கென் லியூவின் 'காகித விலங்குகள்' போன்ற கதையை அவர்கள் எதிரில் வைப்பார்கள்: அமெரிக்காவுக்கு மணமாகி வந்த சீனத் தாய் பரிசுத்தாளை மடித்து உயிரூட்டிய புலியும், அதை வெட்கி ஒதுக்கிய மகனும் வரும் அக்கதை, ஹியூகோ, நெபுலா, உலக மிகைபுனைவு விருது ஆகிய மூன்றையும் வென்ற முதல் புனைவு. அதைப் படித்துக் கண் கலங்காதவர் குறைவு. ஆயினும் அக்கதையிலிருந்து மந்திரத்தை நீக்கிவிட்டு வெறும் காகிதப் புலியை வைத்தாலும் கண்ணீர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சியாங்கின் கதையிலிருந்து வளையத்தை நீக்கினால் நஜ்யாவின் செய்தி வந்து சேர வழியில்லை. இத்துறைக்கென ஒரு தனி விருது வேண்டியிருப்பதன் காரணமும் இவ்வேறுபாட்டில்தான் இருக்கிறது. கண்ணீரை அளக்கும் விருதுகள் வேறு பல உள்ளன.

அண்மை ஆண்டுகளின் பட்டியல்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு மனக்குறை ஏற்படாமல் இருப்பதில்லை. குரலின் அழகால், ஒரு பத்தியிலேயே வாசகரைப் பற்றிக்கொள்ளும் நடையால் முன்னேறி, விதியின் முதல் விளைவோடு நின்றுவிடும் கதைகள் பெருகியிருக்கின்றன. உலகம் அநீதியானது என்பதைக் கதை கண்டுபிடிப்பதற்குப் பதிலாக வாசகருக்கு நினைவூட்டிவிட்டு விடைபெறுகிறது. 2020இல் சியாங்கின் 'ஓம்ஃபலோஸ்' நெடுங்கதைப் பட்டியலில் இருந்தது. உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டதற்கு, வளையமில்லாத மரத்தண்டும் தொப்புளில்லாத பதப்படுத்தப்பட்ட உடலுமே சான்றாகக் கிடைக்கும் ஓர் உலகில், நம்பிக்கை எப்படி உடைகிறது என்று கேட்கும் கதை அது. வென்றதோ என். கே. ஜெமிசினின் 'அவசரத் தோல்'. ஜெமிசின் பெருந்திறன் கொண்டவர். 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் நாவலுக்கான ஹியூகோவை அவர் வென்றது தகுதியான வெற்றியே. ஆனால் 'அவசரத் தோல்' தன் தீர்ப்பைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டு அதை நோக்கி நடக்கிறது. 'ஓம்ஃபலோஸ்' தன் தீர்ப்பைக் கண்டு தானே அஞ்சுகிறது. விதிவிலக்குகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய நாட்டுப்பாடலின் வரிகளுக்கு அன்பர்கள் எழுதும் குறிப்புகளாலேயே முழுக்க நெய்யப்பட்ட, 2022இல் சிறுகதைக்கான ஹியூகோவைப் பெற்ற சாரா பின்ஸ்கரின் கதை, புதிய வடிவத்தையும் பழைய அச்சத்தையும் இணைத்த விதத்தில் எந்தப் பொற்காலப் பட்டியலிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

பட்டியலின் மேல் வாசகர் வைக்கும் நம்பிக்கைக்கும் அடி விழுந்திருக்கிறது. 2015இல் ஒரு குழுவினர் முன்மொழிவுகளை அணியாகத் திரட்டிப் பட்டியலை நிரப்பியபோது, வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்று தீர்த்தனர். சிறுகதையும் குறுநாவலும் அவற்றில் அடக்கம். 2023இல் செங்டுவில் நடந்த மாநாட்டின் வாக்கு விவரங்கள் அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளியானபோது, நெபுலா பெற்றிருந்த ஆர். எஃப். குவாங்கின் 'பாபெல்' உள்ளிட்ட சில, காரணம் சொல்லப்படாமலேயே தகுதியற்றவை என்று விலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வென்ற கதையை மட்டும் படிப்பவருக்கு இவை செய்தித்தாள் விவகாரம். பட்டியலை முழுவதும் படிப்பவருக்கோ, அந்த ஆண்டு எந்தக் கதை எதன் அருகில் நின்றிருக்க வேண்டும் என்பதே பறிபோய்விடுகிறது; அவ்விழப்புக்குப் பின்னாளில் வரும் எந்த மன்னிப்பும் ஈடாகாது.

2008இன் அந்த ஐந்து கதைகளை இன்று மீண்டும் வரிசையாகப் படிக்கும் வாசகருக்கு ஈகனின் எண்கள் முன்போலவே குளிர்ந்திருக்கும். ஆப்ரகாமின் நாணயமாற்றுநர் இன்னும் நெருக்கமாகியிருப்பார். சியாங்கின் கதை மட்டும் முதல் வரியிலேயே மாறிவிடுகிறது. கதை தொடங்கும்போது ஃபுவாத் கலீஃபாவை விளித்து, பணிவோடு தம் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறார். முதல் வாசிப்பில் அது பழைய அரபுக் கதைகளின் வழக்கமான வணக்கமாக மட்டுமே தெரிகிறது. இரண்டாம் வாசிப்பில், அவ்விதம் பேசுபவர் இரவில் நகரக் காவலரால் பிடிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டவர் என்பதும், அவர் நிற்கும் பாக்தாதில் பஷாரத்தின் வளையம் செய்யப்பட இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கின்றன என்பதும், தாம் விட்டுவந்த காலத்துக்கு அவர் இனி ஒவ்வொரு நாளாக வாழ்ந்துதான் போய்ச்சேர வேண்டும் என்பதும் வாசகருக்குத் தெரிந்திருக்கின்றன.